புதுசா என்ன வரும்?

குற்றாலத்து விடுதிகளுக்காக எழுதப்படும் மென்பொருளின் பிழைப்பு ஒரு தினுசானது. ஆனி பிறந்து சாரல் கட்டிவிட்டால் இரவு பகல் பார்க்காமல் உழைக்க வேண்டும். கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்கள் வரும்போது இன்னொரு சுற்று. மிச்ச நாட்களில் அறைகளும் சும்மா கிடக்கும், மென்பொருளும் சும்மா கிடக்கும். அது எழுதப்பட்ட கணினி மொழி மட்டும் சும்மா கிடக்காது. உலகத்தின் எங்கோ மூலைகளில் இருக்கிறவர்கள் கூடிப் பேசி, எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுத்துக்கொண்டே இருப்பார்கள். புதிய பதிப்பு வரும். ஹோஸ்டிங் கம்பெனி ஏதோ ஒரு பங்குனி மாத நள்ளிரவில் சர்வரைப் புதுப்பித்து வைக்கும். என்ன உடைந்தது என்பது ஜூன் மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில்தான் தெரியவரும். அப்போது ரிசப்ஷனில் ஈரத் துண்டோடு நாலு குடும்பம் நின்றுகொண்டிருக்கும்.

தென்காசியில் உட்கார்ந்துகொண்டு இந்த மாதிரி மென்பொருள்களைப் பார்த்துக்கொள்வதுதான் என் தொழில். பெரும்பாலானவற்றை நான் எழுதவில்லை. எழுதியவர்கள் துபாய்க்கோ சென்னைக்கோ போய்விட்டார்கள். குழந்தை என் மடியில் வந்து விழுந்தது. அந்த வகையில் நான் அதிகமாகப் பழகியது எரரோடு அல்ல. 'டெப்ரிகேட்டட்' என்ற வார்னிங்கோடுதான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எரர் வந்தால் நிரல் நின்றுவிடும். டெப்ரிகேஷன் வார்னிங் வந்தால் நிற்காது. நீ எழுதியது சரிதான், இன்றைக்கு ஓடும், ஆனால் இந்த வசதியை வருகிற ஏதோ ஒரு பதிப்பில் எடுத்துவிடப் போகிறோம், இப்போதே மாற்றிக்கொள் என்று மொழியே நமக்குச் சொல்கிற ஒரு வரி அது. முன்கூட்டியே சொல்கிறார்களே, இதைவிட மரியாதை என்ன வேண்டும் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது, அந்த மரியாதைக்கு யார் காசு கொடுக்கிறார்கள் என்று பார்க்கும்வரை.

முதல் வார்னிங்கைக் கல்லூரி லேபில் பார்த்தேன். பிளஸ் டூவில் எங்களுக்குச் சி++ வைத்திருந்தார்கள். நீலத் திரை டர்போ சி++. எந்த நிரலும் 'ஐஓஸ்ட்ரீம் டாட் எச்' என்ற வரியோடுதான் தொடங்கும். புத்தகம் அப்படி, ஆகவே பரீட்சையும் அப்படி. சி++ மொழிக்கான உலகத் தரம் 1998இலேயே வந்துவிட்டது. அதில் அந்த 'டாட் எச்' கிடையாது. அந்தச் சேதி மேற்குத் தொடர்ச்சி மலை தாண்டி எங்கள் பாடப் புத்தகத்துக்கு வந்து சேரவில்லை. கல்லூரியில் லினக்ஸ் கணினியில் அதே நிரலைப் போட்டதும், 'காலாவதியான அல்லது பழங்காலத்துத் தலைப்புக் கோப்பு' என்று ஜிசிசி கம்பைலர் நாலு வரிக்கு நீட்டி முழக்கியது. பயந்துபோய் லேப் உதவியாளரைக் கூப்பிட்டேன். அவர் திரையை ஒருமுறை பார்த்தார். "வார்னிங்தானல? எரர் இல்லைல்லா? ரன் பண்ணு." ரன் பண்ணினேன், ஓடியது. 2008இல் வந்த ஜிசிசி 4.3இல் அந்தக் கோப்புகளை ஒரேயடியாக எடுத்துவிட்டார்கள்.

அந்த உதவியாளரை நான் குறை சொல்லமாட்டேன். அவர் சொன்னதைத்தான் இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோரும் ஏதாவது ஒரு நாள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்கிறார்கள். வார்னிங் வந்தும் நிரல் ஓடிவிட்டால், வார்னிங்கைப் படிக்காமல் இருப்பதற்கு அதுவே பயிற்சி.

இப்போது விடுதிக் கதைக்கு வருகிறேன். இங்கே நான் கையாண்ட நிரல்கள் பெரும்பாலும் பிஎச்பியில் எழுதியவை. சின்ன ஊர்களில் இணையம் நுழைந்த காலத்தில் மலிவாகக் கிடைத்தது பிஎச்பியும் மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸும்தான். அந்த இரண்டையும் இணைக்கிற பழைய வழி, 'மைஎஸ்கியூஎல்_' என்ற முன்னொட்டோடு தொடங்கும் ஒரு தொகுதிச் செயல்பாடுகள். தமிழ்நாட்டில் அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர் சென்டரில் பிஎச்பி படித்த யாரை எழுப்பிக் கேட்டாலும் மைஎஸ்கியூஎல்_கனெக்ட் என்று தூக்கத்தில் சொல்வார்கள்.

2013 ஜூன் 20, நல்ல சீசன் நேரம், பிஎச்பி 5.5 வெளியானது. அதில் அந்தத் தொகுதி முழுவதும் டெப்ரிகேட்டட். 2015 டிசம்பர் 3, ஐயப்ப சீசன், 7.0 வெளியானது. அதில் அந்தத் தொகுதியே இல்லை. நடுவில் கிட்டத்தட்ட இரண்டரை வருடம் அவகாசம். மொழிக்காரர்கள் பக்கம் நியாயம் இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய முறையில், பெயர் என்ற கட்டத்தில் ஒருவன் வில்லங்கமாக எதையாவது தட்டிவிட்டு டேட்டாபேஸில் இருப்பதைத் திருடவோ கெடுக்கவோ முடியும். அதை அடியோடு தடுக்கும் வசதி அதில் இல்லை. மாற்றாக மைஎஸ்கியூஎல்ஐ 2004இலேயே வந்துவிட்டது, பிடிஓ அதற்கு அடுத்த வருடம். ஆகவே இது அவசரப்பட்டு எடுத்த முடிவு இல்லை. நான் அந்தக் கூட்டத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் கை தூக்கியிருப்பேன்.

ஆனால் அந்த வரியை யார் முதலில் படித்தார்கள்? ஐந்தருவி ரோட்டில் ஒரு விடுதியின் ரிசப்ஷனில் இருந்த பையன் படித்தான். ஹோஸ்டிங் மாறியதும் பில் பக்கத்தின் உச்சியில் அந்த வரி வந்து உட்கார்ந்துகொண்டது. வெறும் அழகுக் கேடு என்றால் போகட்டும். பிஎச்பியில் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குத் தள்ளிவிட வேண்டுமென்றால், அதற்கு முன்னால் ஒரு எழுத்துகூடத் திரைக்குப் போயிருக்கக் கூடாது. வார்னிங் வரி போய்விட்டதே! லாகின் செய்தால் உள்ளே போகாமல் அங்கேயே நின்றது. இனிமேல் எப்போதோ உடையும் என்று சொல்ல வந்த வரி, வந்த வேகத்தில் தானே உடைத்துவிட்டது.

இதற்கு எல்லோரும் செய்கிற வைத்தியம் இரண்டு. செயல்பாட்டின் பெயருக்கு முன்னால் ஒரு '@' குறி போட்டால் அந்த வரி வாயை மூடிக்கொள்ளும். எனக்கு முன்னால் இருந்தவர் இதைத்தான் செய்திருந்தார், நிரல் முழுக்க. அதில் ஒரு விஷம் உண்டு. டேட்டாபேஸே கிடைக்கவில்லை, இணைப்பு அறுந்துவிட்டது என்ற நிஜமான எச்சரிக்கையையும் அந்த '@' சேர்த்தே விழுங்கிவிடும். இரண்டாவது வைத்தியம், டெப்ரிகேட்டட் என்ற வகையையே காட்டாதே என்று சர்வரின் அமைப்பில் எழுதிவிடுவது. இதைக் குறுக்கு வழி என்று நினைக்க வேண்டாம். பிஎச்பியோடு வரும் மாதிரி அமைப்புக் கோப்பே நிஜப் பயன்பாட்டுக்கு அப்படித்தான் பரிந்துரைக்கிறது. வார்னிங்குகளை டெவலப்மென்ட் சர்வரில் பார்த்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. குற்றாலத்து விடுதிக்கு ஏது டெவலப்மென்ட் சர்வர்? இருப்பது ஒன்று. அதில் வாடகைக் கணக்கு ஓடுகிறது. பரிந்துரையை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்கள் அந்த வரியைக் கண்ணாலேயே பார்த்திருக்கமாட்டார்கள்.

முறையாகச் சரிசெய்வோம் என்று விடுதி முதலாளி அண்ணாச்சியிடம் போனேன். எவ்வளவு ஆகும் என்று கேட்டார், சொன்னேன்.

"சரி தம்பி. இவ்ளோ துட்டு குடுத்தா புதுசா என்ன வரும்?"

"புதுசா ஒண்ணும் வராது அண்ணாச்சி. இப்ப இருக்கது அப்படியே இருக்கும்."

"இப்ப ஓடுதுல்லா?"

"ஓடுது."

"அப்புறம் எதுக்குத் துட்டு?"

அந்தக் கேள்விக்கு என்னிடம் தொழில்நுட்ப விடை இருந்தது. வியாபார விடை இல்லை. ரொம்ப நாளைக்கு இல்லை. டெப்ரிகேஷன் என்கிற விவகாரத்தின் மறைமுகச் செலவு எது என்று யாராவது கேட்டால் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்: யாருக்கும் பில் போட முடியாத வேலை அது. மொழியை உருவாக்குகிறவர்கள் ஒரு வரி எழுதினார்கள். அதன் கூலி, உலகத்தில் இருக்கிற ஒவ்வொரு சின்ன நிரலின் வாசலிலும் தனித்தனியாகப் போய் நிற்கிறது. எங்கேயும் கூட்டிப் போடப்படுவதில்லை.

வேலையும் பெயரை மாற்றுகிற வேலை இல்லை. பழைய முறையில் கேள்வியை முதலில் கொடுத்து, இணைப்பை அடுத்துக் கொடுக்க வேண்டும். இணைப்பைக் கொடுக்காவிட்டாலும் ஓடும். புதிய முறையில் இணைப்பு முதலில், கட்டாயம். 'தேடு, மாற்று' என்று ஒரே தட்டில் மாற்ற முடியாது. அதைவிடப் பெரிய தொல்லை தமிழால் வந்தது. பழைய இணைப்பு எழுத்துக்களை லத்தீன் எழுத்துகள் என்று நினைத்துக்கொண்டே டேட்டாபேஸுக்குள் போட்டுக்கொண்டிருந்தது. போடும்போதும் அதே தப்பு, எடுக்கும்போதும் அதே தப்பு. இரண்டு தப்பும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் திரையில் தமிழ் சரியாகத் தெரிந்தது. புதிய இணைப்பு யூனிகோட் என்று ஒழுங்காகக் கேட்டதும் குட்டு வெளிப்பட்டது. யூனிகோடில் 'தென்காசி' என்பது எட்டுக் குறிகள், குறிக்கு மூன்று பைட். மேலே சாய்கோடு போட்ட ஆங்கில 'ஏ'யும் வட்டத்துக்குள் 'ஆர்' முத்திரையுமாக 24 எழுத்துக் குப்பை திரையில் வந்து நின்றது. வாடிக்கையாளர் பெயர், ஊர், முகவரி எல்லாம் அப்படியே. எந்த வார்னிங் வரியிலும் இதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது; இருக்கவும் முடியாது. ஒரு கல்லை உருவினால் எந்தச் சுவர் இறங்கும் என்பது கல்லுக்குத் தெரியாது.

சத்தம் போட்டே கொல்லும் வகை ஒன்று உண்டு. அதைப் பிஎச்பி 8 காலத்தில் பார்த்தேன். 8.0இல் தொடக்க அமைப்பே எல்லா வார்னிங்கையும் காட்டு என்று மாறியது. 2021 நவம்பரில் வந்த 8.1, ஒன்றுமில்லாத மதிப்பை எழுத்துச் செயல்பாடுகளுக்குக் கொடுத்தால் டெப்ரிகேட்டட் என்றது. கேட்க ஒன்றுமில்லாத விஷயம் போலத்தான் இருக்கிறது. விடுதிப் பதிவில் வண்டி எண் என்று ஒரு கட்டம் உண்டு. பொதிகை எக்ஸ்பிரஸில் வந்து இறங்குகிறவர்களுக்கு ஏது வண்டி எண்? கட்டம் காலி. முன்பின் இடைவெளியை வெட்டும் ட்ரிம் அந்தக் காலிக் கட்டத்தைத் தொடும்போதெல்லாம் லாக் ஃபைலில் ஒரு வரி. ரிசப்ஷன் திரையோ அறைப் பட்டியலைத் தானாகவே திரும்பத் திரும்பப் புதுப்பித்துக்கொண்டிருப்பது. ரயிலில் வந்த விருந்தாளி ஒவ்வொருவருக்காகவும், ஒவ்வொரு புதுப்பிப்புக்கும், ஒரு வரி.

ஆடி மாதத்தில் மெயினருவிப் பக்கம் ஒரு விடுதியில் பட்டியல் உறைந்து நின்றுவிட்டது என்று கூப்பிட்டார்கள். டிஸ்க் நிரம்பிவிட்டது, டேட்டாபேஸுக்கு எழுத இடமில்லை. இடத்தை அடைத்துக்கொண்டிருந்தது முழுக்க அந்த லாக்தான். அதைக் காலி செய்வதற்கு முன்னால் ஒரு பழக்கத்தில் டெப்ரிகேட்டட் வரிகளை வடிகட்டிவிட்டு மிச்சத்தைப் பார்த்தேன். பல நாட்களாக பேக்கப் எடுக்கப்படவில்லை என்ற வரி, ராத்திரிக்கு ஒன்றாக, ஒழுங்காக இருந்தது. படிக்கத்தான் யாருமில்லை. குற்றாலத்தில் சீசன் ஞாயிற்றுக்கிழமை மெயினருவியில் நின்றவர்களுக்கு இது புரியும். குளித்தது போதும், நகருங்கள் என்று போலீஸ்காரர் விசில் அடித்துக்கொண்டே இருப்பார். தண்ணீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டி விழ ஆரம்பித்தாலும் அவரிடம் இருப்பது அதே விசில்தான். நின்று குளிக்கிறவன் எந்த விசிலுக்குத் திரும்பிப் பார்ப்பான்?

இந்தச் சிக்கல் மொழிக்காரர்களுக்குத் தெரியாமல் இல்லை. பைத்தான்காரர்கள் 2010இல், 2.7 பதிப்பில், டெப்ரிகேஷன் வார்னிங்கை மறைத்தே வைத்தார்கள். நிரலைப் பயன்படுத்துகிறவன் ஏன் அதைப் பார்க்க வேண்டும், எழுதுகிறவன் பார்த்தால் போதும் என்று. நல்ல யோசனை. ஆனால் எழுதுகிறவனும் பார்க்காமல் போனான். 2018இல் 3.7இல் பாதிப் பின்வாங்கல்: நேரடியாக ஓட்டும் முதன்மை நிரலில் மட்டும் காட்டுவது, இறக்குமதி செய்யும் நூலகங்களில் மறைப்பது. கலெக்‌ஷன்ஸ் என்ற தொகுதியிலிருந்து சில வகைகளை 2012இலேயே வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, பழைய விலாசத்தையும் வைத்திருந்தார்கள். 3.9இல் எடுப்பதாகச் சொல்லி, இன்னும் ஒரு பதிப்புக்குப் பொறுத்துக்கொண்டு, 2021இல் 3.10இல் எடுத்தார்கள். ஒன்பது வருட அவகாசம். எடுத்த அன்றைக்கும் உடைந்தவர்கள் உடைந்தார்கள். அவகாசத்தின் நீளம் ஒரு பொருட்டே இல்லை என்று எனக்குத் தோன்ற ஆரம்பித்தது இதைப் பார்த்துத்தான். அவகாசம் முழுக்க மறதிக்குத்தான் உதவுகிறது.

அண்ணன் மகள் பிளஸ் டூவில் பைத்தான் படித்தாள். 2019இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் அது வந்துவிட்டது. டி டிரைவில் ஸ்கூல் என்ற ஃபோல்டரைத் திறக்கிற சின்ன நிரல். பள்ளி லேபில் பேசாமல் ஓடியது, என் மடிக்கணினியில் ஓட்டினால் எச்சரிக்கை. "சித்தப்பா, இது தப்பா, சரியா?" என்றாள். பின்சாய்வுக் கோட்டுக்கு அடுத்து வருகிற எழுத்தைப் பற்றிய சங்கதி அது. 2016இல் 3.6 வந்தபோதே டெப்ரிகேட்டட், மறைத்து வைத்திருந்தார்கள். 2023இல் 3.12இல்தான் எல்லோர் கண்ணிலும் படும்படி ஆக்கினார்கள். "சரிதான், ஆனா மாத்திரு" என்றேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் நியாயம் இருந்தது. மார்க் போடுகிறவர்கள் சரி, தப்பு என்று இரண்டு குறிதான் வைத்திருக்கிறார்கள்.

ஜாவா இதற்கு நேர் எதிர்ப் பக்கம். த்ரெட் ஒன்றை நிறுத்தும் ஸ்டாப் என்ற செயல்பாட்டை 1998இல் டெப்ரிகேட்டட் என்றார்கள். 2023இல் ஜாவா 20 வரும்வரை அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. தேதி வகையில் 1997இல் முத்திரை குத்திய சிலது இன்றும் உயிரோடு இருக்கிறது. எதுவுமே போகாது என்று தெரிந்தபின் யார் படிப்பார்கள்? கடைசியில் 2017இல் ஜாவா 9இல், இதை நிஜமாகவே எடுக்கப்போகிறோம் என்று சொல்வதற்குத் தனியாக ஒரு அடையாளம் சேர்க்க வேண்டியதாயிற்று. ஏற்கெனவே சொன்னதை இந்த முறை மெய்யாகவே சொல்கிறோம் என்கிற அடையாளம்!

எனக்குப் பிடித்தது கோ மொழியின் வழி. 2012 மார்ச்சில் முதல் பதிப்பு வந்தபோதே, இதில் எழுதியது இந்த வரிசைப் பதிப்புகள் முழுக்கத் தொடர்ந்து கம்பைல் ஆகும் என்று வாக்குக் கொடுத்தார்கள். அதன் கம்பைலரில் வார்னிங் என்ற சமாச்சாரமே கிடையாது. ஒன்று எரர், இல்லாவிட்டால் பேசாது. டெப்ரிகேட்டட் என்பது குறிப்புரையில் ஒரு வரி. எழுதுகிறவனின் எடிட்டரில் அது தெரியும், ரிசப்ஷன் பையன் திரையில் வராது. ரஸ்ட் மொழி 2018இல் கொண்டுவந்த எடிஷன் முறையும் நல்லது: பழைய எடிஷனில் இருக்கிறவன் அங்கேயே இருக்கலாம், மாற நினைத்தால் பெரும்பகுதியை மாற்றிக் கொடுக்க ஒரு கருவி உண்டு. எடுக்கப்போகிறேன் என்று அறிவிக்கிறவர் மாற்றித் தருகிற கருவியையும் கையோடு தர வேண்டும். முடியாது என்றால் இருக்கட்டும் என்று விட்டுவிடலாம். இது என் கட்சி. மொழியைப் பராமரிக்கிறவர்கள் பலர் சம்பளமில்லாமல் செய்கிறார்கள், பழையதைச் சுமப்பது அவர்களுக்கும் பாரம் என்பது தெரிந்தேதான் சொல்கிறேன்.

பக்கத்து மத்தளம்பாறைக்குச் சோஹோ கம்பெனி 2011இல் வந்த பிறகு, தென்காசியில் நிரல் எழுதுகிறவன் என்றால் யாரும் ஏற இறங்கப் பார்ப்பதில்லை. கம்பெனிகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள் மாலையில் டீக்கடையில் பேசிக்கொள்வதைக் கேட்பேன். பதிப்பு மாற்றுவது என்பது அங்கே ஒரு வேலைத் திட்டம். அதற்கு ஆள் உண்டு, தேதி உண்டு, சோதனைகள் உண்டு. அதே மொழி, அதே வார்னிங். நாற்பது அறை விடுதிக்கு வரும்போது அதற்கு ஆளும் கிடையாது தேதியும் கிடையாது. இங்கே பல விடுதிகள் சொந்த மென்பொருளைக் கைவிட்டு, மாத வாடகைக்குக் கிடைக்கும் புக்கிங் தளங்களுக்குப் போய்விட்டன. ஒருவர் நீள ரெஜிஸ்டர் நோட்டுக்கே திரும்பினார். அவர் கைவிட்ட நிரல் ஒன்றும் மோசமில்லை. சாரல் விழாத நாளில் அறைக் கட்டணத்தைத் தானாகக் குறைக்கிற ஒரு புத்திசாலித்தனம் அதில் இருந்தது. வெளியூரில் எழுதிய எந்தத் தளத்திலும் அது கிடையாது.

அண்ணாச்சிக்கான விடை எனக்கு அவர் விடுதியிலேயே கிடைத்தது. ஜெனரேட்டர் அறைச் சுவரில் ஒரு அட்டை தொங்கியது: ஏ.எம்.சி., வருடாந்திரப் பராமரிப்பு, மெக்கானிக் வந்து போன தேதிகள், கையெழுத்து. லிஃப்டுக்கும் ஒன்று. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரத்துக்கும் ஒன்று. அதற்கெல்லாம் புதுசா என்ன வரும் என்று அவர் கேட்டதில்லை. அடுத்த முறை எஸ்டிமேட் கொண்டுபோகவில்லை, ஏ.எம்.சி. என்று தலைப்பிட்டு ஒரு தாள் கொண்டுபோனேன். பேரம் பேசினார், பாதி சீசனுக்கு முன், பாதி சீசன் முடிந்து ஆவணியில் என்றார். ஒத்துக்கொண்டேன்.

இப்போது சித்திரை, வைகாசியில், விடுதிகள் காலியாக இருக்கும்போது, நிரலின் ஒரு நகலை என் கணினியில் வைத்து, எல்லா வார்னிங்கையும் திறந்துவிட்டு உட்காருகிறேன். பிஎச்பி 8.2, அறிவிக்காத பண்புகளை ஒரு வகைக்குள் போகிற போக்கில் சேர்ப்பதை டெப்ரிகேட்டட் என்கிறது, 9.0 வரும்போது அது எரராகப் போகிறது. அண்ணாச்சி நிரலில் வாடகை ரசீது முழுக்க அப்படித்தான் கட்டியிருக்கிறார் துபாய்க்குப் போனவர். பாதி மாற்றியாகிவிட்டது. ஏ.எம்.சி. அட்டை மாதிரி ஒன்றை அச்சடித்து ரிசப்ஷன் சுவரில் மாட்டச் சொன்னார் அண்ணாச்சி, நான் கையெழுத்துப் போடுவதற்கு. பக்கத்து விடுதிக்காரர் அதைப் பார்த்துவிட்டு எவ்வளவு என்று விசாரித்தாராம். தொகையைக் கேட்டுவிட்டு, "நம்மது ஓடுதுல்லா" என்று போய்விட்டார்.